மந்தம் பிறவிக் குணமா?

ஆண்டிறுதியிலே மாணாக்கரின் முன்னேற்ற அறிக்கைகளை எழுதும்போது நம் கைக்கு மிக எளிதில் வந்து வாய்க்கும் சொல் ஒன்றுண்டு. அது மந்தம் என்பது. "இயற்கையிலேயே மந்தம்" என்று எழுதிக் கீழே கையொப்பமிட்டுவிட்டால், ஆசிரியர்க்குப் பொறுப்புத் தீர்ந்தது போலும். பெற்றோர்க்கு ஆசை தீர்ந்தது போலும். பிள்ளைக்கோ வழி அடைபட்டது. மழை பெய்தது, வெயில் எறித்தது என்பன போலக் கண்டதைக் கண்டபடி கூறும் வாக்கியமாக இது தோன்றுகின்றது. உண்மையில் இஃது ஒரு தீர்ப்பு. தீர்ப்புக் கூறுவோன் சான்றுகளை விசாரித்தே கூறல் வேண்டும். தானே சான்றுகளை ஆக்கிவைத்துத் தானே தீர்ப்பும் கூறுவானாயின் அவனை நீதிபதி என யாரும் கொள்ளார். இவ்வச்சம் நம்மைப் பிடித்தது அண்மையிலேயே. பிடிப்பித்தவை சில விலங்குகள்.

விலங்கின் செயலைக்கொண்டு மனிதப் பிள்ளையை அளப்பதா என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆறறிவுயிரை ஐயறிவுயிரோடு ஒப்பிடுதல் தகாது என்பர். யாம் மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்றவர். அங்கே விலங்கென்பது முறுக்கிவிட்ட மணிக்கூடு போன்றது, அதற்கு ஆன்மா இல்லை என்று வகுப்பிலே கேட்போம். மாலையில் வீட்டுக்கு வந்தால், பட்டியிலே நின்ற பசுவுக்கும் நமக்கும் ஆன்மா ஒன்றுபோல்வதே, உடம்பே வேறு என்று பாட்டியார் கூறக் கேட்போம். இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தமையால், விலங்கைப் பற்றிய ஆராய்ச்சி நூல் எதனைக் கண்டாலும் இதில் யார் சொன்னது சரி என்று பார்க்கும் ஆவல் எமக்கு உண்டு. அவ்வாறு பார்க்கப்போன இடத்திலே விலங்கைப்பற்றி அறிந்ததிலும் உபாத்தியாயரைப்பற்றி அறிந்ததே மிகுதியாயிற்று.

முதலாவது சரித்திரம் ஒரு குதிரையினது. பேர்லின் நகரிலே வில்ஹெல்ம் வொன் ஒஸ்ரென் என்னும் பெயருடைய ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஹான்ஸ் என்னும் தமது குதிரைக்குக் கரும்பலகை வைத்துச் சில ஆண்டுகள் பாடஞ் சொல்லிக்கொடுத்தார். குதிரை, கேட்ட கணக்குக்கு விடையைக் குளம்பினால் தட்டிக் காட்டிற்று. கூட்டலும் கழித்தலும் மாத்திரமன்று, பின்னக் கணக்கும் அதற்கு வந்தது. 1904 இல் கார்ல் ஸ்ரும்ப் என்னும் உளநூற் பேராசிரியரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று ஆராய்ந்து, இதில் வஞ்சனை யாதும் இல்லை எனக் கூறிற்று. பின்னர் ஒஸ்கார் பூங்ஸ்ற் என்பவர் மேலும் நுணுகி ஆராய்ந்து 1907 இல் தமது முடிபை வெளியிட்டார். வினாவுவோர்க்கே விடை தெரியாதிருந்தால் குதிரைக்கும் தெரியவில்லை. குதிரையின் கண்ணுக்கு வினாவுவோர் புலப்படாதபோதும் அது தடுமாறிற்று. வினாவைக் கேட்டவர் குளம்பை நோக்கிச் சிறிது தலை குனிகின்றார். குதிரை தட்டத் தொடங்குகின்றது. சரியான எண் வந்தவுடன் அவர் தலை தம்மையறியாமலே மயிரிழையளவு நிமிர்கின்றது, குதிரை நிறுத்துகின்றது. குதிரை கணிதம் கற்கவில்லை; கணித ஆசிரியரைக் கற்றுக்கொண்டது.

இதிலே எம்மைத் திகைக்கவைத்தது குதிரையின் கூர்மையன்று. இவ்வுண்மையைக் கண்டறிந்த பூங்ஸ்ற் என்பவரே, கண்டறிந்த பின்னரும், தாம் வினாவும்போது அந்த அசைவைத் தம் தலையினின்றும் முற்றாக நீக்க இயலாதவராயினார். அறிவு வந்தபின்னும் உடம்பு கேட்கவில்லை. வொன் ஒஸ்ரென் அம்முடிபை ஏற்கவேயில்லை. தம் மாணாக்கனைப் பழித்துவிட்டார்கள் என்ற மனக்கசப்போடே 1909 இல் இறந்தார். அவரிடத்து எமக்கு நகைப்பு உண்டாகவில்லை. தம் வகுப்பின் சித்திகளெல்லாம் தாம் கற்பித்தமையால் வந்தன என்று எண்ணாத உபாத்தியாயர் எவர்?

இனி எலிகளுக்கு வருவோம். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே றொபேட் ட்றையன் என்பவர் 1920களின் பிற்பகுதியிலே ஒரு பெருமுயற்சியைத் தொடங்கினார். பல திருப்பங்களும் முட்டுச்சந்துகளும் உடைய சிக்குவழியொன்றை அமைத்து, அதன் முடிவில் உணவை வைத்து, பசித்த எலிகளை அதனூடே ஓடவிட்டார். முதலில் ஓடியவை 142 எலிகள். ஒவ்வொன்றும் 19 முறை ஓடிற்று. முட்டுச்சந்தில் நுழைந்த தொகையே பிழைகளின் கணக்கு. பிழை குறைந்த எலியைப் பிழை குறைந்ததனோடும், மிகுந்ததை மிகுந்ததனோடும் சேர்த்து இனம் பெருக்கி, வரும் குட்டிகளையும் அவ்வாறே ஓட்டித் தெரிந்தெடுத்தார். ஏழாந் தலைமுறையளவில், கூரிய இனத்தின் மிக மோசமான எலிகளும் மந்த இனத்தின் மிக நல்ல எலிகளுமே ஒன்றையொன்று எட்டித் தொடும் அளவுக்கு இரண்டு கூட்டமும் பிரிந்துவிட்டன. மந்தத் தாயிடம் கூரிய குட்டியை வளரவிட்டும் பார்த்தார், வேறுபாடு மறையவில்லை. 1940 இல் அவர் இவற்றை விரிவாக வெளியிட்டார்.

பார்த்தீர்களா, மந்தம் பிறவிக் குணமே என்று இதைக் கேட்டவர் பலர் துள்ளுவர். துள்ளவும் செய்தனர். ட்றையன் கண்டது பொய்யன்று. சந்ததி வழியாக வருவதொன்று உண்டு. அதனை மறுப்போர் தம் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தையே பார்க்காதவராவர். ஆனால் வந்தது எது என்பதே வினா. 1949 இல் சேள் என்பவர் அதே இரு இனங்களையும் எடுத்து வேறு பல சோதனைகளில் இறக்கினார். அப்போது வெளிவந்தது விசித்திரம். கூரியவை எனப்பட்ட எலிகள் உணவில் மிக்க நாட்டமுடையன. ஆனால் நீரினின்று தப்பவேண்டிய சோதனையிலே ஊக்கங் குறைந்தன. திறந்த வெளியிலே அஞ்சின. மந்தமானவை எனப்பட்டன உணவை அத்துணைப் பொருட்படுத்தாதவை. நீரிலே அவற்றின் ஊக்கம் குறைவாக இருக்கவில்லை. சிக்குவழிப் பொறியின் அசைவுகளுக்கே அவை அஞ்சின. ஆகவே ஏழு தலைமுறையாகப் பிரித்தெடுக்கப்பட்டது பொதுவாகிய அறிவு என்று கூறுவதற்கில்லை. அந்த ஒரு சிக்குவழியிலே, அந்தப் பசியிலே, அந்தப் பொறியின் ஓசையிலே நன்றாக ஓடும் சுபாவமே பிரித்தெடுக்கப்பட்டது. நம் நாட்டிலே பத்து வயதுப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சை என்னும் ஒரே சிக்குவழியில் ஓடவிட்டு, வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்றவர் கூரியர், கீழே நின்றவர் மற்றையோர் என்று ஊரெல்லாம் பேசும் காலத்தில், சேள் என்பவரை நினையாமல் இருக்க எம்மால் இயலவில்லை.

அடுத்தது மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1958 இல் கூப்பர், சூபெக் என்னும் இருவர் அதனை வெளியிட்டனர். அவர்கள் எடுத்த எலிகளும் கூரியவை, மந்தமானவை எனப் பல தலைமுறையாகத் தெரிந்து பெருக்கப்பட்டவையே. ஆயின் ட்றையனுடையவை அல்ல, மக்கில் பல்கலைக்கழகத்து இனங்கள். தாய்ப்பால் மறந்த 25 ஆம் நாள் தொடக்கம் 65 ஆம் நாள் வரையும் சில எலிகள் வெறுங் கூட்டிலே வைக்கப்பட்டன: உணவுப் பெட்டி, தண்ணீர்த் தட்டு, எதிரே சாம்பல் நிறச் சுவர், வேறொன்றுமில்லை. சில எலிகள் சரிவுகள், சுரங்கங்கள், ஊஞ்சல், கண்ணாடி, மணி, உருண்டைகள் என்பன நிறைந்த கூட்டிலே, வண்ணக் கோலம் வரைந்த சுவரை நோக்கி வளர்ந்தன. பின்னர் எல்லாவற்றையும் சிக்குவழியில் ஓட்டிப் பிழைகளின் சராசரியை எண்ணினர். வழக்கமான கூட்டிலே வளர்ந்திருந்தால் கூரியவைக்கு 117, மந்தமானவைக்கு 164. வளமான கூட்டிலே கூரியவைக்கு 111.2, மந்தமானவைக்கு 119.7. வெறுங் கூட்டிலே கூரியவைக்கு 169.7, மந்தமானவைக்கு 169.5.

இவ்வெண்களை யாம் கரும்பலகையில் எழுதி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பல தலைமுறை வினைக்கெட்டுப் பிரித்த இரு குலங்கள் நாற்பது நாளிலே ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அதுவும் இருமுறை ஒன்றாயின, ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. நல்ல கூடு மந்தமானவற்றை உயர்த்திற்று. கூரியவற்றுக்கு அதனால் வந்த நன்மை சிறிதே. வெறுங் கூடோ கூரியவற்றைத் தாழ்த்திற்று. மந்தமானவற்றுக்கு அதனால் வந்த கேடு அற்பமே. சோதனை மேலும் கடினமாக இருந்திருப்பின் கூரியவை இன்னும் முந்தியிருக்குமோ என்ற ஐயம் நியாயமானதே. அதனை யாம் மறைக்கவில்லை. எனினும் எமக்கு முள்ளாய்த் தைத்தது கடைசி வரியே. வறண்ட வகுப்பிலே சில ஆண்டு இருந்துவிட்ட கூரிய பிள்ளையும் மந்தப் பிள்ளையும் ஒரே புள்ளியைப் பெறுவர்; பெற்ற பின்னர் அவ்வகுப்பாசிரியர் இருவரையும் ஒருங்கே பிறவி மந்தர் என்று எழுதுவர். எந்தக் கூட்டில் வைத்தோம் என்பதை அறிக்கையில் எழுத இடம் விடப்படவில்லை.

கூட்டிலே அடைபட்ட அச்சீவன்களைப்பற்றி ஒரு சொல். அறிவு வேண்டும் என்பதற்காக ஓருயிரைச் சாம்பல் நிறச் சுவருக்கு எதிரே நாற்பது நாள் இருத்தலாமா என்று நம்மவர் கேட்பர்; கேட்கவும் வேண்டும். அவ்வினா தனிக் கட்டுரைக்குரியது. இங்கே ஒன்று மாத்திரம் கூறுவோம்: அவை பட்ட துன்பத்தினால் வந்த அறிவைப் பெற்றுக்கொண்டு, பெறாதவர் போல நடப்போமாயின், அத்துன்பம் முழுவதும் வீணாகும்.

கூட்டைப்பற்றிக் கூறினோம்; கையைப்பற்றிக் கூறவில்லை. றொபேட் றொசென்தால், கேர்மிற் போட் என்னும் இருவர் 1963 இல் வெளியிட்ட பரிசோதனை இது. பன்னிரு மாணவரை அழைத்து ஒவ்வொருவர்க்கும் ஐந்து எலி கொடுத்தனர். ஆறு பேருக்கு, உங்கள் எலிகள் கூரிய இனத்தன என்றனர். ஆறு பேருக்கு, மந்த இனத்தன என்றனர். இரு கிளைவழியுள் நிறம் மங்கிய கிளையைத் தேர்ந்து ஓடுதற்கு எலிகளை ஐந்து நாள் பயிற்றுதல் மாணவரின் வேலை. உண்மையிலே எலிகள் யாவும் ஓரினத்தன. எப்படியோ கலைத்துப் பகிர்ந்து கொடுக்கப்பட்டவை. ஆயினும் கூரியவை எனப்பட்டவை நன்றாகக் கற்றன. மந்தமானவை எனப்பட்டவை பின்தங்கின. தொடங்கிய இடத்தைவிட்டு அசையவே மறுத்த தரங்கள் முன்னவற்றில் நூற்றுக்கு 11, பின்னவற்றில் நூற்றுக்கு 29. பின்னர் விசாரித்தபோது, கூரிய எலி கிடைத்தவர்கள் தம் எலி இனியது, அழகியது என்றனர். தாம் அதனை மெதுவாகக் கையாண்டதாகவும் கூறினர். ஒருவரும் பொய் எழுதவில்லை. ஒருவரும் வேண்டுமென்று எலியை வருத்தவுமில்லை. எடுத்து வைக்கும் விரலிலே இருந்தது வேற்றுமை.

இதனைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் இது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையிலே ஏழாம் வகுப்பை ஆண்டுத் தொடக்கத்தில் ஏற்றோம். முன்னிருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும் அவசரத்திலே பெயர்ப்பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போயினார். அதிலே ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு வட்டம் இடப்பட்டிருந்தது. அவ்வட்டத்தின் பொருள் என்ன என்று யாம் எவரையும் வினவவில்லை. வினவவேண்டிய பொருளாகவும் அது தோன்றவில்லை. பின்வாங்கில் இருத்தினோம். வினா ஒன்றைக் கேட்டு அவர் எழுந்து நின்றால், மற்றையோர்க்கு விடும் நேரத்திலும் குறைந்த நேரத்தில் "சரி, இரு" என்போம். அதை இரக்கம் என்றே எண்ணினோம். ஆண்டிறுதியில் அவ்வைவருள் மூவர் வகுப்பின் அடியில் நின்றனர். இருவர் நடுவில் நின்றனர். முன்னையவர் எத்துணைக் கூர்மையாகப் பிள்ளைகளை அளந்திருக்கின்றார் என்று சக ஆசிரியர் ஒருவரிடம் வியந்தும் பேசினோம். அடியில் நின்ற மூவருள் ஒருவன் மறு ஆண்டு வரவில்லை. தகப்பனாரோடு தோட்டத்துக்குப் போகின்றான் என்றனர். மேலும் இரண்டு ஆண்டு கழிந்து ஒரு கலியாண வீட்டிலே அம்முன்னை ஆசிரியரைக் கண்டோம். பேச்சோடு பேச்சாக வட்டத்தைக் குறிப்பிட்டோம். அவர் நெற்றியைச் சுருக்கிச் சிறிது யோசித்து, "ஓ, அதுவா? விளையாட்டுப்போட்டிக் காசு கொண்டுவராத பெடியளை அல்லவா குறித்து வைத்தேன்" என்றார்.

அந்தப் பிள்ளைகளுக்கு எம்முடைய கை அவ்வாண்டு முழுவதும் அந்த மாணவரின் விரல்போல இருந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. அதனாலேதான் மூவர் கீழே நின்றனர் என்று நிறுவ முடியாது. காசு கொண்டுவராத வீட்டிலே விளக்கெண்ணெயும் குறைவாய் இருந்திருக்கும், அதுவும் காரணமாகலாம். ஆயினும் வட்டத்தைக் கண்டு அறிந்துகொண்டோம் என்று நாம் எண்ணியது யாதோ, அஃது இல்லாத ஒன்று.

இவ்விடத்திலே, விரலின் மென்மை எவ்வாறு எலியின் மூளைக்குள் புகுகின்றது என்பதற்குப் பிற்கால ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திலே மைக்கல் மீனி என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் தாயெலிகளைக் கவனித்தனர். சில தாய் தம் குட்டிகளை அடிக்கடி நக்கிக் கோதுகின்றன. சில அவ்வளவு செய்வதில்லை. மிகுதியாக நக்கப்பட்ட குட்டி வளர்ந்தபின் அச்சம் வந்தால் விரைவில் அமைதியடைகின்றது. இடத்தை நினைவில் வைத்து நீந்திச் சேரும் சோதனையிலும் தேறுகின்றது. இது தாயிடமிருந்து இரத்தத்தோடு வந்த குணமோ என்று பார்க்கக் குட்டிகளை மாற்றி வைத்தனர். பெற்ற தாயைப்போலன்று, வளர்த்த தாயைப்போலவே குட்டிகள் ஆயின. பெண்குட்டிகள் தாமும் தாயானபோது தம்மை வளர்த்தவளைப்போலவே நடந்தன. 2004 இல் அவர்கள் வெளியிட்டது இன்னும் நுட்பமானது. அச்சத்தின் சுரப்பை அடக்கும் ஓர் ஏற்பியை மூளையிலே உண்டாக்கும் மரபணுவின்மேல் ஒருவகை இரசாயனக் குறி ஏறுகின்றது. நக்கப்படாத குட்டியிலே அக்குறி மிகுதி, நக்கப்பட்டதிலே குறைவு. பிறந்த முதல் வாரத்திலேயே இவ்வேற்றுமை தோன்றி நிலைத்துவிடுகின்றது. எனினும் வளர்ந்த எலியின் மூளையிலே ஒரு மருந்தைச் செலுத்தியபோது அக்குறியும் மாறிற்று, நடத்தையும் மாறிற்று.

ஆகவே உடம்பிலே இருப்பதெல்லாம் பிறவியோடு வந்தது என்று எண்ணுவது பிழை. தாயின் நாக்கு எழுதியதும் உடம்பிலேதான் இருக்கின்றது. ஒரு பிள்ளையின் மூளையைத் திறந்து, இதோ மந்தம் என்று ஒருவர் காட்ட வல்லவராயினும், அதனை எழுதியவர் யார் என்ற வினா எஞ்சியே நிற்கும். இன்னொன்றும் உண்டு. குறைவாக நக்கப்பட்ட குட்டிகளைப் பழுதுற்றவை என்று தள்ளிவிடவும் இயலாது. நெருக்கடியான நிலையிலே கற்கவேண்டியபோது அவையே நன்றாய்க் கற்றன என்று 2008 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. கடும் உலகத்திலே பிறந்த குட்டி கடும் உலகத்துக்கேற்ற மூளையோடு வருகின்றது. அமைதியான வகுப்பிலே அது மந்தம்போலத் தோன்றும்.

எலிக்கு உண்மையானது யாவும் பிள்ளைக்கும் அப்படியே உண்மை என்று யாம் கூறவில்லை. றொசென்தால் 1968 இல் ஜேக்கப்சன் என்னும் அம்மையாருடன் சேர்ந்து, கலிபோர்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்திலே ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணாக்கரின் அறிவளவையை உயர்த்திற்று என ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. உயர்வு கண்டது பெரும்பாலும் முதலிரு வகுப்புக்களிலேயே, அளவைகளும் குறைகூறப்பட்டன. பின்வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தோர், ஆசிரியர் எதிர்பார்ப்பின் வலிமை உண்மையானதே, ஆயினும் பொதுவாகச் சிறியது என்பர். ஊரார் ஏற்கெனவே தாழ்வாக எண்ணும் குலத்துப் பிள்ளைகளிடத்தே அது பெரிதாகலாம் என்றும் கூறுவர். இந்தக் கடைசி வாக்கியத்தை, நம் ஊர்களையும் நம் பாடசாலைகளின் பின்வாங்குகளையும் அறிந்த ஆசிரியர் இன்னொருமுறை வாசிக்கும்படி வேண்டுகின்றோம்.

இனி, நம்மவர் வாயிலே வரும் மறுமொழி ஒன்றுண்டு. அவனவன் வினைக்கேற்பவே அறிவும் அமையும். உபாத்தியாயன் என்ன செய்வான் என்பர். சித்தாந்தம் கற்றவரே இதனைக் கூறக் கேட்டிருக்கின்றோம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்க்கு அதன் வினைக்கேற்ப வாய்க்கும் என்பது நமது கொள்கை. ஆயின் கரணம் என்ற சொல்லோடு வாயை மூடிக்கொள்வதென்ன? அடுத்த சொல் புவனம் அன்றோ? பிள்ளை நாள்தோறும் ஐந்து மணிநேரம் இருக்கும் வகுப்பறை அவனுக்குப் புவனம். அதிலே நிற்கும் நாம் அப்புவனத்தின் ஒரு பகுதி. அவன் இப்படிப்பட்ட ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது அவனுடைய பிராரத்தமாகுக. வந்து சேர்ந்தவனுக்கு நாம் செய்வது யாருடைய கணக்கில் ஏறும்? அது நமக்கு ஆகாமியம். பிறனுடைய பழைய கணக்கைக் காட்டித் தன் புதிய கணக்கை மறைக்க நூல் எங்கேனும் இடந்தந்ததாக யாம் காணவில்லை.

அப்படியாயின் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோலக் கூரியர் என்று எண்ணி நடிக்கவேண்டுமா என்று இளம் ஆசிரியர் ஒருவர் எம்மிடம் வினாவினார். நடிப்பினால் ஆவதொன்றுமில்லை என்றோம். பூங்ஸ்ற் என்பவரின் தலையே அவருக்குக் கீழ்ப்படியவில்லை. பிள்ளைகள் குதிரையிலும் கூர்மையாக நம்மைப் பார்க்கின்றனர். செய்யத்தக்கவை சிறியனவே. பட்டியலை ஏற்கும்போது குறிகளின் பொருளைக் கேட்டல். கேட்க ஆளில்லையாயின் அழித்துவிடுதல். எழுந்து நிற்கும் எல்லார்க்கும் ஒரே அளவு நேரம் விடுதல். யாம் இதற்கு மனத்துள் பத்து வரை எண்ணுகின்றோம். ஆறிலேயே நா துடிக்கின்றது. அறிக்கையிலே "மந்தம்" என்று எழுதவேண்டிய இடத்தில் எந்தச் சிக்குவழியில் எத்தனை பிழை என்பதை மாத்திரம் எழுதுதல்: பின்னக் கணக்கில் வகுத்தல் வரவில்லை, வாசிப்பில் கூட்டெழுத்துத் தடுமாறுகின்றது என்றாற்போல. இவ்வாறு எழுத நேரம் மிகுதியாகும். எழுதியபின் அடுத்த தவணையில் அதை நாமே திருத்தவேண்டியும் வரும்.

இவ்வாண்டு எம் வகுப்பிலே சிறுமி ஒருத்தி இருக்கின்றாள். கணக்கைக் கேட்டால் அவள் கரும்பலகையைப் பாராமல் எம் முகத்தைப் பார்ப்பாள். ஓரெண்ணைத் தொடங்கி, எம் புருவத்தைக் கண்டு, வேறோர் எண்ணுக்கு மாறுவாள். அநேக நாள் சரியான விடைக்கே வந்து சேர்ந்தாள். யாமும் மெச்சி வந்தோம். இப்போது வினாவைக் கேட்டபின் சாளரத்தின் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்கின்றோம். முதல் வாரம் அவள் ஒன்றும் பேசவில்லை. நேற்று, எம் முதுகுக்குப் பின்னே, சுண்ணக்கட்டி பலகையில் உரசும் ஓசை கேட்டது. விடை பிழை, வழி சரி.